டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிந்தது: ஆபீஸ் ரவுட்டரை மாற்றிய கதை

நான் படித்தது பி.காம்., பார்ப்பது ஆடிட்டர் ஆபீஸில் ஜிஎஸ்டி வேலை. ஆனால் நெட் நின்றால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பது என்னைத்தான். என்றைக்கோ ஒரு நாள் பிரின்டருக்கு டிரைவர் போட்டுக் கொடுத்தேன், அன்றிலிருந்து இந்தச் சோலி என் தலையில் ஏறிக்கொண்டது.

ஆபீஸ் பாளையங்கோட்டையில், முருகன்குறிச்சி பக்கம் ஒரு பழைய வீடு. ரயில் பெட்டி மாதிரி நீளம். முதலில் தார்சா என்கிற முன்கட்டு, அப்புறம் பட்டாசல் என்கிற கூடம், அப்புறம் இரண்டாங்கட்டு, கடைசியில் ஒரு காலத்தில் அடுப்படியாக இருந்து இப்போது ஃபைல் ரூமாகிவிட்ட இடம், மேலே ஒரு மச்சு. குறுக்குச் சுவர்கள் எல்லாம் செங்கலும் சுண்ணாம்புக் காரையும், ஒன்றரை அடிக்குக் குறையாது. சித்திரை வெயிலில் உள்ளே நுழைந்தால் குளுகுளுவென்று இருக்கும், கட்டின கொத்தனாரைக் கும்பிடலாம் போல. வைஃபைக்கு அந்தச் சுவர்தான் எமன்.

சார் இங்கே குடிவந்தபோது மொத்தம் 5 பேர். அப்போது வாங்கிய ரவுட்டர் இரண்டு ஆன்டெனா வைத்தது, 2.4 கிகாஹெர்ட்ஸ் என்கிற பழைய அலைவரிசை மட்டும், பின்னால் 4 போர்ட். தார்சாவில் ஃபைபர் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினோம். 5 பேருக்கு அது ராஜா. இப்போது ஆர்ட்டிகிள்ஸையும், அதாவது சிஏ பயிற்சிப் பிள்ளைகளையும் சேர்த்து 17 பேர். ஆள் கூடக்கூட நாங்கள் மேஜை வாங்கினோம், நாற்காலி வாங்கினோம், ஏசி கூட ஒன்று வாங்கினோம். அந்தப் பெட்டியை மட்டும் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஒரு நாள் சும்மா உட்கார்ந்து எண்ணினேன். யூஎஸ்பி வைஃபை குச்சி செருகின டெஸ்க்டாப் 6, லேப்டாப் 9, போன் ஆளுக்கொன்று என்று 17, பிரின்டர் 2, கேமரா 4, விரல் வைக்கிற அட்டெண்டன்ஸ் மிஷின் 1, சார் ரூம் டிவி 1. ஆகமொத்தம் 40. இதற்கு மேல் வந்துபோகிற கிளையன்ட்கள். சங்கரன்கோவிலில் இருந்து விசைத்தறிக்காரர், அம்பாசமுத்திரத்தில் இருந்து ரைஸ் மில்காரர் என்று யார் வந்தாலும் முதல் கேள்வி "பாஸ்வேர்ட் என்ன தம்பி?"

எங்கள் தொழிலில் மாசம் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி என்று ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாள். இந்த இரண்டு நாளும் ஆபீஸ் கல்யாண வீடு மாதிரி இருக்கும். ஆலங்குளத்தில் கடையில் நிற்கும் ஓனருக்கு ஓடிபி போகும், அவர் போனில் வாசிப்பார், இங்கே இவன் அடிப்பான், பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும், ஓடிபி செத்துப்போகும். மறுபடி கேட்டால் அவர் கோபப்படாமல் என்ன செய்வார்? இது போக டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேர். டேட்டா ஃபோல்டர் இருப்பது பட்டாசல் மூலையில் உள்ள ஒரு கம்ப்யூட்டரில், மற்றவர்கள் அதை நெட்வொர்க் வழியாகத் திறக்கிறார்கள், அதுவும் வைஃபையில். சிக்னல் ஒரு கணம் விக்கினாலும் டேலி அப்படியே உறைந்து நிற்கும், அரை மணி நேரமாக அடித்த வவுச்சர் சேவ் ஆனதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இடையில் நான் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். இரண்டாங்கட்டில் சிக்னல் இல்லை என்றதும் பிளக்கில் செருகுகிற பூஸ்டர் ஒன்று வாங்கி மாட்டினேன். போனில் முழுக் கோடு வந்தது, எல்லாருக்கும் சந்தோஷம், வேகம் மட்டும் முன்னைவிடக் குறைந்தது. ஏனென்றால் அந்த மாதிரி பூஸ்டர் ரவுட்டர் சொன்னதைக் கேட்டு அதே சேனலில் திருப்பிச் சொல்கிறது. ஒரு தடவை காற்றில் போக வேண்டியது இரண்டு தடவை போகிறது. ஏற்கெனவே நெரிசல், அதில் எதிரொலி வேறு.

சார் வழக்கம்போல "பிளானை 200 எம்பிபிஎஸ்ல இருந்து 500க்கு ஏத்திருவோம்" என்றார். அதற்கு முன்னால் ஒரு நாள் பொறுங்கள் சார் என்று சொல்லிவிட்டு இரண்டே சோதனை செய்தேன். யார் செய்தாலும் இந்த இரண்டில் தொடங்கலாம், காசு எதுவும் செலவில்லை.

முதல் சோதனை, லேப்டாப்பைக் கேபிளில் நேராக ரவுட்டரில் செருகி ஸ்பீடு டெஸ்ட். வந்தது 94. மறுபடி போட்டேன், 94. 200க்குப் பணம் கட்டுகிற இடத்தில் 94 என்று திரும்பத் திரும்ப வந்தால் நெட் கம்பெனியைத் திட்டுவதில் பிரயோஜனமில்லை, அது 100 எம்பிபிஎஸ் போர்ட்டின் கையெழுத்து. ஒவ்வொரு துண்டு டேட்டாவோடும் சேர்ந்து போகிற தலைப்பு, உறை என்று கழிவுகள் போக ஃபைல் நகர்வதற்கு மிஞ்சுவது ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது மூன்று வருஷமாக நாங்கள் 200க்குக் கட்டி, ரவுட்டரின் வாசலிலேயே பாதியைக் கீழே கொட்டிக்கொண்டிருந்தோம். 500 வாங்கியிருந்தாலும் அதே 94தான் வந்திருக்கும்.

இரண்டாவது சோதனை, இரண்டாங்கட்டில் உட்கார்ந்து வைஃபையில் இருந்து 192.168.1.1க்கு, அதாவது எங்கள் ரவுட்டருக்கே, நிற்காமல் பிங், கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் பதில் வருகிறது என்று பார்ப்பது. வெளியே கூகுளின் 8.8.8.8க்கு அப்புறம் போகலாம், முதலில் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரே கூரைக்குள் இருக்கிற பெட்டி 1, 2, மிஞ்சினால் 5 மில்லிசெகண்டில் பதில் சொல்ல வேண்டும். எனக்கு வந்தது 3, 180, 412, டைம்ட் அவுட், 9, 260. ராத்திரி எல்லாரும் போன பிறகு அதே நாற்காலியில் உட்கார்ந்து போட்டேன், சமர்த்தாக 3, 2, 4. சுவர் அப்படியே இருக்கிறது, தூரம் அப்படியே இருக்கிறது, ஆள்தான் இல்லை. ஆக எங்களுக்குச் சுவர் இரண்டாவது பிரச்சினை, முதல் பிரச்சினை கூட்டம்.

வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். தெருக்குழாய் மாதிரி. முன்னால் நிற்பவர் வாய் குறுகின குடத்தை வைத்துப் பைய நிரப்பினால், பின்னால் அண்டாவோடு நிற்பவரும் சும்மா நின்றுதான் ஆக வேண்டும். எங்கள் ஃபைல் ரூம் கேமரா அந்தக் குறுகின குடம். மூன்று சுவர் தாண்டி அடிமட்ட வேகத்தில், நாள் முழுக்க நிற்காமல் வீடியோ அனுப்பிக்கொண்டிருந்தது. ரவுட்டரின் அட்டைப்பெட்டியில் 300 எம்பிபிஎஸ் என்று போட்டிருந்ததே என்று கேட்கலாம். அது 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், பக்கத்தில் வேறு வைஃபையே இல்லாத காட்டில், ஒரே ஒருவர் ரவுட்டரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கிடைக்கிற லிங்க் கணக்கு. எங்கள் தெருவில் போன் ஆப்பில் பார்த்தபோது 2.4இல் 14 வைஃபை தெரிந்தது. ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றே மூன்றுதான்.

இன்னொரு கோளாறு என் கைங்கரியம். காலையில் 11 மணிக்கு மேல் சிலர் போனில் "ஐபி முகவரி பெறப்படுகிறது" என்று சுற்றிக்கொண்டே நிற்கும். உள்ளே போய்ப் பார்த்தால், என்றோ நானே டிஎச்சிபி எல்லையை, அதாவது ரவுட்டர் தானாகக் கொடுக்கிற முகவரிகளின் எல்லையை, 100 முதல் 149 வரை என்று வைத்திருக்கிறேன். 50 முகவரி. ஒரு தடவை கொடுத்தால் 24 மணி நேரத்துக்கு அது அந்த ஆளுடையது. நம் சாமான் 40, காலையில் வந்து பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போன கிளையன்ட் 10 பேர், முடிந்தது கணக்கு. அந்தப் பட்டியலில் யாருடையது என்றே தெரியாத பெயர்கள் வேறு. விசாரித்ததில் ஒன்று எதிர் டீக்கடைத் தம்பியுடையது. சாயங்காலம் கடை திண்ணையில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்திருக்கிறான். அவனுக்குப் பாஸ்வேர்ட் சொன்னது யார் என்று கேட்டால் எல்லாரும் மேலே ஃபேனைப் பார்த்தார்கள்.

என்ன வாங்குவது என்பதில் ஒரு வாரம் போனது. எட்டு ஆன்டெனா, சிவப்பு விளக்கு, கவிழ்ந்து கிடக்கிற நண்டு மாதிரி இருக்குமே, அந்த ரவுட்டரை ஆர்ட்டிகிள்ஸ் எல்லாரும் ஒரே குரலில் சிபாரிசு செய்தார்கள். எத்தனை கால் வைத்த நண்டாக இருந்தாலும் தார்சாவில் உட்கார்ந்துகொண்டு மூன்று சுவரைத் துளைக்கப் போவதில்லை. அறைக்கு ஒன்றாக வைக்கிற மெஷ் வைஃபை செட் யோசித்தேன். அதுவும் கம்பியில்லாமல் ஒன்றுக்கொன்று பேசுவது அதே காற்றில்தான், நடுவில் அதே சுவர்தான். கடைசியில் முடிவு செய்தது இது: வேலையைப் பிரித்துவிடுவது. நெட்டை வாங்கிப் பங்கிட மட்டும் வைஃபையே இல்லாத ஒரு கிகாபிட் ரவுட்டர், கேபிள்களை எல்லாம் ஒன்றாக இணைக்கிற 16 போர்ட் ஸ்விட்ச் ஒன்று, கேபிளிலேயே கரண்டும் கொடுக்கிற சின்ன பிஓஇ ஸ்விட்ச் ஒன்று, கூரையில் ஒட்டி வைஃபை பரப்புகிற வைஃபை 6 ஆக்சஸ் பாயின்ட் 2. டிபி-லிங்க் ஒமாடா, யுபிக்விட்டி யூனிஃபை இரண்டையும் பார்த்து, விலைக்காக ஒமாடா எடுத்தோம். இதைவிட முக்கியமான முடிவு, இடம் நகராத எதுவும் இனி வைஃபையில் இருக்கக் கூடாது. டெஸ்க்டாப், பிரின்டர், அட்டெண்டன்ஸ் மிஷின், டிவி எல்லாவற்றுக்கும் கம்பி. கேமராவிலும் கேபிள் போர்ட் இருந்தது, நாங்கள்தான் சோம்பேறித்தனமாக வைஃபையில் விட்டிருந்தோம். 40இல் 14 இப்படியே இறங்கிவிடும்.

சாமான் எல்லாம் சேர்த்து 42 ஆயிரம் சொச்சம், வயரிங் கூலி தனி. சார் கணக்குப் பார்க்கிற மனுஷர், முகம் லேசாகச் சுருங்கியது. அந்த 94ஐ மறுபடி காட்டினேன். சரி என்றார்.

வயரிங்குக்கு எங்கள் தெரு அண்ணாச்சியைக் கூப்பிட்டோம். வீட்டு வயரிங்கில் கை தேர்ந்தவர், நெட் கேபிளும் இழுப்பேன் என்றார். கேபிள் பெட்டி அவரே வாங்கி வந்தார், 305 மீட்டர், கேட் 6 என்று பெரிதாக அச்சடித்திருந்தது. ஒரு கையால் அலட்சியமாகத் தூக்கிக்கொண்டு வந்தார் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. செம்புக்கம்பி 305 மீட்டர் அவ்வளவு லேசாக இருக்காது. ஒரு துண்டு வெட்டி, உள் கம்பியை பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசின சிசிஏ கேபிள். அண்ணாச்சிக்கும் அது தெரியாது, பாவம், கடையில் கொடுத்ததை வாங்கியிருக்கிறார். டேட்டா மட்டும் என்றால் குறுகின தூரத்துக்கு அது ஓடிவிடும், ஆனால் நாங்கள் அதில் கரண்டும் அனுப்பப் போகிறோம். அலுமினியத்துக்குத் தடை அதிகம், வழியில் வோல்டேஜ் இறங்கும், கம்பி சூடாகும், நுனியில் கனெக்டரை அழுத்திக் கிரிம்ப் செய்கிற இடத்தில் இரண்டு தடவை வளைத்தால் பொட்டென்று ஒடியும். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் போய் மாற்றி, முழுச் செம்பு என்று எழுதியதைச் சுரண்டிப் பார்த்தே வாங்கினோம். இதை மட்டும் யார் சொன்னாலும் நம்ப வேண்டாம், பிளேடை நம்புங்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆரம்பித்தோம். என் திட்டம் தட்டட்டி, அதாவது மொட்டை மாடி வழியாகக் கேபிளை இழுத்துப் பின்பக்கம் இறக்குவது, சுவரைத் தொட வேண்டாம் என்று. அண்ணாச்சி ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். "நம்மூரு வெயிலுக்கு ரெண்டு வருசத்துல தோலு வெடிச்சிரும் தம்பி. ஐப்பசில இடி விழுந்தா உங்க பெட்டி எல்லாம் ஒண்ணா போயிரும், பெறவு என்னைய சொல்லாதீய." அவர் சொன்னது சரி. வெட்டவெளியில் நீளமாகக் கிடக்கிற செம்புக்கம்பி பக்கத்தில் விழுகிற இடியின் வேகத்தையும் உள்ளே கூட்டிக்கொண்டு வரும். ஆக சுவர்தான். 18 அங்குல துளைக்கம்பி உள்ளே போய்க் கொண்டே இருக்கிறது, அந்தப் பக்கம் வெளிச்சத்தைக் காணோம், காரைத் தூள் மட்டும் அரிசிமாவு மாதிரி கொட்டுகிறது. இரண்டு பக்கமும் அளந்து, இரண்டு பக்கமும் இருந்து துளைத்து நடுவில் சந்திக்கலாம் என்று பார்த்தால் அரை அங்குலம் தப்பிவிட்டது. கடைசியில் வழி கிடைத்தது கதவு நிலைக்கு மேலே. அந்தக் காலத்தில் காற்றுக்கு வைத்து, அப்புறம் யாரோ பலகை அடித்து மூடிவிட்ட சின்னச் சாளரம் ஒவ்வொரு அறையிலும் இருந்தது. பலகையைக் கழற்றினால் ஒரு புறா கூடு, அப்புறம் தாராளமான ஓட்டை. மீதி அறைகளுக்கு அதே வழிதான். முதலிலேயே அண்ணாந்து பார்த்திருக்கலாம்.

இரவு 10 மணிக்குக் கேபிள் எல்லாம் இழுத்து முடிந்தது. நுனியில் கனெக்டர் அடிக்கிற வேலையை அண்ணாச்சி பார்க்க, நான் பெட்டிகளைச் செட்டப் செய்தேன். அவர் ஒவ்வொன்றையும் டெஸ்டரில் போட்டுக் காட்டினார், 1 முதல் 8 வரை விளக்கு வரிசையாக எரிந்தது, பார்க்கவே அழகு. இரண்டாங்கட்டு ஆக்சஸ் பாயின்ட்டை மாட்டினேன். கரண்ட் வந்தது, விளக்கு வந்தது, லிங்க் 1000 என்றது, விழுந்தது, 100 என்றது, மறுபடி 1000, மறுபடி விழுந்தது. டேலி கம்ப்யூட்டர் கேபிளும் அதே ஆட்டம். பக்கத்து மேஜையின் குட்டிக் கேபிள் மட்டும் ஒழுங்காக ஓடியது. ஸ்விட்சை மாற்றிச் செருகிப் பார்த்தேன், போர்ட்டை மாற்றினேன், ஆக்சஸ் பாயின்ட்டே கோளாறோ என்று கூடச் சந்தேகப்பட்டேன். "எட்டும் எரியுதுல்லா, பெறவு என்ன?" என்று அண்ணாச்சி கேட்டார். அவர் கேள்வி நியாயம்தான், எனக்கும் அதே கேள்விதான். நள்ளிரவு வரை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்குப் போனேன், தூக்கமில்லை.

காலையில் ஒரு கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது தெரிந்தது. வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம், வெள்ளை-பிரவுன், பிரவுன். ஜோடி ஜோடியாக, பார்க்க லட்சணமாக அடுக்கியிருக்கிறார், இரண்டு நுனியிலும் அதே வரிசை. அதனால் டெஸ்டரில் ஒன்றுக்கு ஒன்று, எட்டுக்கு எட்டு சரியாக எரிகிறது. ஆனால் முறைப்படி வர வேண்டியது வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். பச்சை ஜோடிக்கு நடுவில் நீல ஜோடி புகுந்து உட்கார வேண்டும். ஏன் இந்தக் கோணல் என்றால், கனெக்டரின் எட்டு உலோகக் கால்களில் 3ஆம் காலும் 6ஆம் காலும் ஒரு ஜோடியாக வேலை செய்கின்றன, 4உம் 5உம் ஒரு ஜோடி. கேபிளுக்குள் ஜோடிக் கம்பிகளைத் தலைப்பின்னல் மாதிரி முறுக்கி வைத்திருப்பது எதற்கு? வெளியில் இருந்து வருகிற இரைச்சல் இரண்டு கம்பியிலும் சமமாக ஏறி ஒன்றையொன்று அடித்துக்கொள்வதற்குத்தான். அண்ணாச்சி அடுக்கின வரிசையில் 3ஆம் காலுக்கு வெள்ளை-பச்சையும் 6ஆம் காலுக்கு நீலமும் போகிறது. வேறு வேறு முறுக்கில் இருக்கிற இரண்டு பேரைப் பிடித்து ஜோடி என்று சொன்னால் ஒருவர் பேச்சு இன்னொருவர் காதில் விழத்தானே செய்யும். டெஸ்டருக்கு அதெல்லாம் தெரியாது. அது பார்ப்பது கம்பி இந்த முனையில் இருந்து அந்த முனைக்குப் போகிறதா என்பதை மட்டும். குட்டிக் கேபிளில் இரைச்சல் சேர்வதற்குள் தூரம் முடிந்துவிடுவதால் தப்பித்தது, 25 மீட்டரில் மாட்டிக்கொண்டது.

அண்ணாச்சியிடம் சொன்னேன். கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன், அவர் கனெக்டரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப இதுவரைக்கும் நான் அடிச்சதெல்லாம்?" என்று மட்டும் கேட்டார். கேமராவுக்கு 100 எம்பிபிஎஸ் போதும், அதனால் யாரும் புகார் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றேன். ஒரு அட்டையில் வரிசையை எழுதிச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு 32 நுனியையும் வெட்டி மறுபடி அடித்தார், கூடக் கூலி வாங்கவில்லை. நடுவில் சாரே வந்து எங்களுக்கு இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். மதியம் எல்லா லிங்க்கும் 1000இல் அசையாமல் நின்றது.

அடுத்து நெட். புது ரவுட்டரில் யூசர் நேம், பாஸ்வேர்ட் போட்டால் இணைக்க மறுக்கிறது, பழையதில் அதே விவரம் வேலை செய்கிறது. நெட் கொடுக்கிறவர்கள் பழைய ரவுட்டரின் மேக் முகவரியை, அதாவது அந்தப் பெட்டிக்கே உரிய அடையாள எண்ணை, தங்கள் பக்கம் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை, போனை எடுக்க ஆளில்லை. பழைய பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த முகவரியைப் பார்த்து புது ரவுட்டரின் வெளிவாசலில் அதையே எழுதிவிட்டேன், உடனே வந்தது. திங்கள்கிழமை அவர்கள் பூட்டை எடுத்துவிட்ட பிறகு மாற்றிக்கொண்டேன். ஸ்பீடு டெஸ்ட், 192. சாருக்கு ஸ்கிரீன்ஷாட் போனது.

வைஃபை அமைப்பில் செய்ததைச் சொல்கிறேன். ஒரு பெட்டி பட்டாசல் கூரையில், இன்னொன்று இரண்டாங்கட்டில். 2.4க்கு அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், சேனல் ஒன்றுக்கு 1, இன்னொன்றுக்கு 11. 5 கிகாஹெர்ட்ஸுக்கு 36, 149. அகலத்தை 80 என்று வைக்க ஆசைதான், 40லேயே நிறுத்தினேன், எங்களுக்கு ஒருவரின் வேகத்தைவிட எல்லாருக்கும் தடங்கலில்லாமல் கிடைப்பது முக்கியம். நம் ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்தில் பஸ் மேலே போகும், சைக்கிளும் பைக்கும் கீழே போகும் இல்லையா, அது மாதிரி லேப்டாப்பையும் போனையும் 5க்கு ஏற்றிவிட்டு, 5 தெரியாத பழைய லேப்டாப் ஒன்றையும் ஏழைப்பட்ட போன்களையும் 2.4இல் விட்டுவிட வேண்டும். இதற்கு 2.4இன் பவரைக் கீழே இறக்க வேண்டும், இது பலருக்கும் மனசு வராத காரியம். பவரைக் கூட்டி வைத்தால் போன் தூரத்துப் பெட்டியையே பிடித்துக்கொண்டு தொங்கும், விடாது. பெட்டி கத்துவது போனுக்குக் கேட்கும், போன் முனகுவது பெட்டிக்குக் கேட்க வேண்டாமா. 1, 2, 5.5, 11 என்கிற பழைய வேகங்களை அடைத்துவிட்டேன். பெயர் இரண்டே இரண்டு, ஆபீஸுக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று. விருந்தினர் பக்கம் இருந்து டேலி கம்ப்யூட்டர் தெரியாது, ஆளுக்கு 5 எம்பிபிஎஸ்தான், முகவரி 2 மணி நேரத்துக்குத்தான். பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே வைத்திருந்தால் யாரும் புதிதாக அடிக்க வேண்டியிருக்காது, சுலபம். டீக்கடைத் தம்பியை நினைத்து மாற்றிவிட்டேன். அவனுக்கு விருந்தினர் பாஸ்வேர்ட் நானே கொடுத்தேன், தினமும் டீ கொண்டுவருகிறவன், போகட்டும்.

ஃபைபர் பெட்டி, ரவுட்டர், இரண்டு ஸ்விட்ச், எல்லாம் தார்சா அலமாரிக்குள் ஒரே சின்ன யூபிஎஸ்ஸில். கூரைப் பெட்டிகளுக்குக் கரண்ட் கேபிளிலேயே போவதால் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில்கூட லேப்டாப் ஆட்களுக்கு வைஃபை இருக்கிறது. ஏசிதான் இருக்காது.

திங்கள்கிழமை காலை 10 மணிக்கு எல்லாரும் கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். பிரின்டர் இரண்டும் ஆஃப்லைன். காரணம் நான்தான், புது ரவுட்டரில் முகவரி வரிசையை 192.168.10 என்று மாற்றியிருந்தேன், ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் பிரின்டர் பழைய முகவரியில் பதிந்து கிடக்கிறது. ஒவ்வொரு மேஜையாகப் போய் மாற்ற ஒரு மணி நேரம். அட்டெண்டன்ஸ் மிஷினில் முகவரியைக் கையால் அடித்து வைத்திருக்கிறார்கள், அதன் அட்மின் பாஸ்வேர்ட் தெரிந்தவர் வேலையை விட்டுப் போய்ச் சவுதியில் இருக்கிறார். அவருக்கு வாட்ஸாப் போட்டு, அவர் மத்தியானம் சாப்பிட வந்தபோது பதில் சொல்லி, சரியானது. அன்றைக்கு யாரும் லேட் இல்லை, ரெக்கார்டு இல்லாததால்.

20ஆம் தேதி வந்தது, போனது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை என்பதுதான் விசேஷம். ஆக்சஸ் பாயின்ட்களை நிர்வகிக்கிற கண்ட்ரோலரில் பார்த்தேன், உச்ச நேரத்தில் வைஃபையில் 27, அதில் 5 கிகாஹெர்ட்ஸில் 21. இரண்டாங்கட்டில் இருந்து ரவுட்டருக்கு பிங் 2, 3, எப்போதாவது 8. டேலி உறையவில்லை. எனக்கு ஒரு சந்தேகம், அதனால் ஒரு சனிக்கிழமை ஒரு மணி நேரம் டேலி ஆட்கள் எல்லாரையும் கேபிளைப் பிடுங்கிப் புது வைஃபையில் போட்டுப் பார்த்தேன். வேலை நடந்தது, ஆனால் பழையபடி அங்கங்கே ஒரு இழுப்பு. மறுபடி கேபிளைச் செருகியதும் போய்விட்டது. செலவில் பெரிய பங்கு கூரைப் பெட்டிகளுக்குப் போனது, பலனில் பெரிய பங்கு கொடுத்தது கேபிள்.

மச்சில் இன்னும் சிக்னல் சுமார்தான். மூன்றாவது பெட்டி வைக்க ஸ்விட்சில் போர்ட் இருக்கிறது, சாரிடம் கேட்க இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று விட்டிருந்தேன். அந்த இடைவெளியில்தான் அது நடந்தது. ஒரு புதன்கிழமை, 11 மணி, பாதிப் பேருக்கு நெட் இல்லை. மீதிப் பாதிக்கு இருக்கிறது. ஒரே அறையில் இவருக்கு இருக்கிறது, அவருக்கு இல்லை. நெட் போன ஒருவரின் கம்ப்யூட்டரில் முகவரியைப் பார்த்தேன், 192.168.1.103. அந்த வரிசையே இப்போது எங்களிடம் கிடையாது. செத்தவர் எழுந்து வந்து கதவைத் தட்டினது மாதிரி இருந்தது. மச்சுக்கு ஓடினேன். மச்சில் வேலை செய்கிற ஆர்ட்டிகிள் பையன் ஒருவன், சிக்னல் இல்லையே என்று, மூலையில் கிடந்த பழைய ரவுட்டரை எடுத்துத் தூசி தட்டி, சுவர்க் கேபிளை அதன் மஞ்சள் போர்ட்டில், அதாவது உள்பக்கக் கம்ப்யூட்டர்களுக்கான போர்ட்டில் செருகி, வைஃபை உண்டாக்கியிருக்கிறான். அந்தப் பெட்டி தன் கடமையில் கண்ணும் கருத்துமாக, முகவரி கேட்ட எல்லாருக்கும் முந்திக்கொண்டு பழைய முகவரியை அள்ளி வழங்கியிருக்கிறது. புது ரவுட்டரும் வழங்குகிறது, யார் பதில் முதலில் போய்ச் சேர்கிறதோ அவர்கள் பக்கம் அந்தக் கம்ப்யூட்டர். பிடுங்கினேன். ஒவ்வொருவரையும் நெட்டை அணைத்துப் போடச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் எல்லாம் சரி.

பையனைத் திட்டவில்லை, நான் பூஸ்டர் வாங்கினவன். சார் மட்டும் கீழே இருந்து சத்தம் போட்டார், "ஏல, இனிமே அந்தப் பெட்டிய யாரும் தொடப்படாது." மூன்றாவது கூரைப் பெட்டிக்கு அன்றைக்குச் சாயங்காலமே ஆர்டர் போடச் சொல்லிவிட்டார். பழைய ரவுட்டர் இப்போது ஃபைல் ரூம் பீரோவில், 2017 வருஷத்து பேலன்ஸ் ஷீட்டுகளுக்குப் பின்னால் கிடக்கிறது. அடாப்டரை மட்டும் கழற்றி என் டிராயரில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.